பயமா இருக்குதுங்க

பயமாக இருந்தால் அவள் சொல்லிவிடுவாள். யாரிடம், எந்த இடத்தில், எத்தனை பேர் முன்னால் என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

நான் அவளை முதலில் பார்த்தது ஏற்காடு பஸ்ஸில். எண்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து எனக்கு அது முதல் கோடை விடுமுறை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலர் மலைமேல் நடக்கும் ஒரு மே மாத முகாமுக்குப் போனார்கள். துணைக்கு ஒரு டீச்சர் போகவேண்டும், கல்யாணமாகாதவள் என்றால் வசதி என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் டிரைவருக்கு என்ன அவசரமோ, பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. எல்லோரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தோம். நான் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மடியிலிருந்த கைப்பைக்கு அடியில் ஒரு கையால் சீட்டு விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன்.

நடுவில் ஒரு சீட்டிலிருந்து உயரமான ஒரு பெண் எழுந்து நின்றாள். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். கண்டக்டரிடம், "ஏனுங்கண்ணா, எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க. கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்றீங்களா?" என்றாள்.

சண்டை பிடிக்கிற குரல் இல்லை. கெஞ்சவும் இல்லை. தாகமாக இருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்பதுபோல் இருந்தது. கண்டக்டர் சிரித்தார். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அடுத்த திருப்பத்துக்கு முன்னாலேயே கியர் மாறியது. பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். அவள் உட்கார்ந்து, மடியிலிருந்த பையிலிருந்து கடலை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் முகாமில் ஆசிரியர்களை அறிமுகம் செய்தபோது, பிள்ளைகளுக்கு ஏரியில் கேனோ ஓட்டக் கற்றுத்தரப் போகிறவர் என்று அவளைத்தான் முன்னால் கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவரின் மகள். அங்கே இருந்த குளத்தில் நீந்தப் பழகியவள். படித்து முடித்து ஏற்காட்டிலேயே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சரானாள். பிள்ளைகள் அவளை பி.டி. மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மூன்று மே மாதங்கள் ஒரே அறையில் தங்கினோம். கடைசிவரை அவள் என்னை 'டீச்சர்' என்றும் 'வாங்க, போங்க' என்றும்தான் சொன்னாள். அந்த ஊரில் அதுதான் நெருக்கம்.

கேனோ என்பது வெள்ளரிக்காயைப் பிளந்து குடைந்ததுபோல நீளமாய் ஒல்லியாய் இருக்கும் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் ஆளுக்கொரு துடுப்பு வைத்துத் தள்ளவேண்டும். எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும். வெளிநாட்டுக்குத் திரும்பிப்போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற சில கேனோக்கள் முகாமில் இருந்தன. லைஃப் ஜாக்கெட்டுகள் பிள்ளைகளைவிடக் குறைவு. ஜாக்கெட் கிடைத்தவர்கள் மட்டும் தண்ணீரில், மற்றவர்கள் கரையில் என்று அவள் வைத்திருந்தாள். அதிலே ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதல் நாள் அவள் படகைத் தொடவே விடவில்லை. ஏரிக்கரைப் புல்லில் பிள்ளைகளை உட்காரவைத்து, "தண்ணியைப் பாத்தா யாருக்கெல்லாம் பயம்?" என்று கேட்டாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். ஒரு கையும் எழவில்லை. அவள் தன் கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே தூக்கிவைத்திருந்தாள். எஸ்டேட் பள்ளியிலிருந்து வந்திருந்த ஒல்லியான ஒரு பெண் அரைக்கை தூக்கினாள். பிறகு இன்னும் சில கைகள்.

"இதாஞ் சாமி மொத பாடம்," என்றாள் அவள். "பயமா இருந்துதுன்னா வாயத் தொறந்து சொல்லோணும். கூட இருக்கறவங்க அதக் கேட்டதும் துடுப்பக் கீழ வெக்கோணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது. ரண்டு பேருமாப் பக்கத்துல இருக்கற கரைக்கு வந்துரோணும். அவ்வளவுதான்."

சிரித்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். யாராவது பயமாயிருக்கிறது என்று சொல்லி, அதற்கு இன்னொருவர் சிரித்தால், சிரித்தவருக்கு மறுநாள் படகு கிடையாது. அன்றைக்கே எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி, நீச்சல் தெரிந்தவள், துடிப்பானவள், அந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். மறுநாள் முழுக்க அவள் கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து அழுதாள். நான் பி.டி. மிஸ்ஸிடம் பரிந்து பேசினேன். அவள் என் பேச்சை முழுதாகக் கேட்டுக்கொண்டாள், ஆனால் அந்தப் பெண்ணைத் தண்ணீரில் விடவில்லை.

இரண்டாவது பாடம் கவிழ்வது. இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்க்கச் சொன்னாள். விழுந்து, எழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்தி, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எவ்வளவு நீந்தத் தெரிந்தாலும் படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது என்பாள். "அது கவுந்தாலும் மெதக்குங் கண்ணு. மெதக்கறத உட்டுப்போட்டு எங்க போற?" பிள்ளைகளுக்கு இது திருவிழாபோல ஆகிவிட்டது. ஏரித் தண்ணீர் மே மாதத்திலும் பல்லைக் கிட்டவைக்கும். நடுங்கிக்கொண்டே திரும்பத் திரும்பக் கவிழ்ந்தார்கள்.

அந்த ஒல்லிப் பெண் முதல் ஐந்தாறு நாளும் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே பயமாயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். படகு திரும்பிவிடும். கூட உட்கார்கிற பிள்ளைகளுக்கு எரிச்சலாக இருக்கும். பி.டி. மிஸ் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்து, "செரி கண்ணு, எறங்கிக்கோ" என்பாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றோ, நீ தைரியசாலி என்றோ ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் அந்தப் பெண் அப்படிச் சொல்லாமலே ஏரி நடுவரைக்கும் போய்விட்டு வந்தாள். அன்றைக்கும் அதே "செரி கண்ணு, எறங்கிக்கோ"தான்.

ஒருநாள் அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன். யாருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா, அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கையா என்று. அவள் சீப்பை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. எங்க ஊட்ல யாரும் முழுகலீங்க டீச்சர். பயமா இருக்குதுன்னு சொல்றதுக்கு யாராச்சும் செத்திருக்கோணுமா?"

அவள் சிரித்துவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையையும் அந்த அறையில்தான் சொன்னாள். முதலில் வந்த மாப்பிள்ளை வங்கியில் வேலை. தனியாகப் பேசவிட்டபோது, முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய் வாழ நினைத்தால் பயமாக இருக்கிறது என்று இவள் சொன்னாளாம். அவர் வெளியே போய்த் தன் அம்மாவிடம் சொல்ல, பொண்ணுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். இவள் அப்பா மூன்று நாள் பேசவில்லை. அடுத்த வருஷம் குப்பனூரிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடமும் இதையே சொன்னாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குந்தானுங்க" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது.

நான் படகில் ஏறாதவள். இரண்டு மே மாதங்களும் ஏதாவது சாக்குச் சொன்னேன். புடவை நனையும், தலைவலி, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. மூன்றாவது வருஷம் ஒரு காலையில், பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தபோது, அவள் தனியாகப் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றேன். அதுவரை என் அம்மாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "செரிங்க டீச்சர்" என்றாள். கையில் இருந்த துணியில் பாதியைக் கிழித்து என்னிடம் கொடுத்தாள். இருவருமாகக் கரையில் உட்கார்ந்து படகு துடைத்தோம். அன்று நான் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் ஏறினேன். கரையோரமாகவே ஒரு சுற்று போய்வந்தோம். படகின் இரண்டு விளிம்பையும் நான் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. ஆனாலும் தண்ணீர்மேலிருந்து பார்க்கும்போது ஏற்காடு வேறு ஊராகத் தெரிந்தது. மலையும் மரங்களும் நம்மைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி.

அந்த வருஷம்தான் முகாமின் கடைசி நாளில் அது நடந்தது.

நிறைவு விழாவுக்கு ஒரு எஸ்டேட் முதலாளி தலைமை தாங்க வந்தார். புது லைஃப் ஜாக்கெட்டுகள் வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். கரையில் நாற்காலிகள், மைக் செட், பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏரி நடுவில் படகுகளில் இருக்க, அதைப் பின்னணியாக வைத்து ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தன்னுடைய இரண்டு பேரப்பிள்ளைகளையும் அதில் உட்காரவைக்கச் சொன்னார். எல்லோருக்கும் ஜாக்கெட் போதாது. ஒரு படகில் நான்கு பேராவது நெருக்கி உட்காரவேண்டியிருக்கும். அப்போது நாகலூர்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர்மேல் லேசாகச் சுருக்கம் விழுந்தது.

முகாமை நடத்திய போதகர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, பத்து நிமிஷ வேலைதான், வந்திருப்பவர் யார் என்று பாருங்கள் என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க ஐயா. நான் அனுப்பமாட்டனுங்க."

மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் சொன்னது கரை முழுக்கக் கேட்டுவிட்டது. நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. படகு சொல்லித்தருகிற டீச்சருக்கே பயமாம் என்று யாரோ சொன்னார்கள். போதகரின் முகம் சிவந்தது. அவள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு ஜாக்கெட் போட்டிருந்த பிள்ளைகளை மட்டும் இரண்டு இரண்டு பேராகக் கரையோரமாகவே ஒரு சுற்று ஓட்டிக்காட்டச் செய்தாள். முதலாளி பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்காமலே ஜீப்பில் ஏறிப்போனார்.

அன்று மழை வரவில்லை. கறுத்த மேகம் அப்படியே கலைந்தது. சாயங்காலம் ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு தூறலாவது விழுந்திருக்கக் கூடாதா என்று மேகத்தின்மேல் கோபம் வந்தது.

எல்லோரும் போனபிறகு போதகர் படகுகள் இருந்த இடத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான். பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் போய் உதவி கேட்டு வருகிறவர். கோபம் இல்லை, வருத்தம்தான்.

"பாத்தீங்களாம்மா, ஒண்ணும் ஆகலையே," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றாள் அவள். "ஒண்ணும் ஆகலீங்க."

குத்திக்காட்டுவதாக நினைத்தாரோ என்னவோ, அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது உண்மையான சந்தோஷம். பிள்ளைகள் எல்லோரும் உலர்ந்த துணியோடு பஸ் ஏறிவிட்டார்கள் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு எதுவும் ஒரு பொருட்டாக இல்லை.

ஜாக்கெட்டுகள் வரவில்லை. அடுத்த வருஷம் அவளைக் கூப்பிடவும் இல்லை.

அவள் இடத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். நீச்சல் பயிற்சியாளர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. துடுப்புப் பிடிப்பதை அவளைவிட நன்றாகவே சொல்லித்தந்தார். ஜாக்கெட் இல்லாமல் யாரையும் விடவில்லை. பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. "பயமே கூடாது" என்று காலையில் அவர் சத்தமாகச் சொல்லவைப்பார். பிள்ளைகள் உற்சாகமாகத் திருப்பிச் சொல்வார்கள். அந்த ஒல்லிப் பெண்ணும் எங்கள் பள்ளிப் பெண்ணும் அந்த வருஷமும் வந்திருந்தார்கள். இருவரும் இப்போது ஒரே படகு.

ஒரு பிற்பகலில் முன்னறிவிப்பே இல்லாமல் காற்று எழுந்தது. பின்னாலேயே மழை. படகுகள் பலவும் ஏரியில் பரவியிருந்தன. பயிற்சியாளர் விசில் ஊதி எல்லோரையும் முகாம் கரைக்குத் திரும்பச் சொன்னார். காற்று எதிரே அடித்ததால் பையன்கள் இரண்டு பேர் துடுப்புப் போட்டும் நகரமுடியாமல் ஒரே இடத்தில் தத்தளித்தார்கள். அவர் வேறொரு படகில் போய் அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அந்த இரண்டு பெண்களின் படகைக் காணவில்லை. மழையில் எதிர்க்கரையே தெரியவில்லை.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பயிற்சியாளர் பேர் சொல்லிக் கத்திக்கொண்டே ஏரிக்குள் போனார். போதகர் மழையில் முழங்காலிட்டிருந்தார். அதில் ஒருத்தி என் பொறுப்பில் வந்த பிள்ளை. அவள் அம்மாவின் முகம் என் கண்முன்னால் நின்றது.

மழை கொஞ்சம் வெறித்தபோது, ஏரியைச் சுற்றி வரும் ரோட்டில் இரண்டு உருவங்கள் நடந்து வந்தன. ஆரஞ்சு ஜாக்கெட், தோளில் துடுப்பு. கால் முழுக்கச் சேறும் பாசியும்.

பயிற்சியாளர் ஓடிவந்து, பதற்றத்தில் அவர்களைத் திட்டினார். இந்தக் கரைக்கு வரச்சொல்லித்தானே விசில் ஊதினேன் என்றார். ஒல்லிப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க சார். இவகிட்டச் சொன்னேன். இவ துடுப்பக் கீழ வெச்சுட்டா. அந்தக் கரைதான் பக்கத்துல இருந்துச்சு. காத்தே தள்ளிட்டுப் போயிருச்சு. படகை மரத்துல கட்டிப்போட்டு வந்துட்டமுங்க."

அவர் இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். பிறகு துண்டு எடுத்துவர உள்ளே போனார். போதகர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். முகாம் முடிந்ததும் குப்பனூருக்கு பி.டி. மிஸ்ஸைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, தானும் நலம் கேட்டதாகச் சொல்லும்படியும், அடுத்த வருஷம் வரமுடியுமா என்று விசாரிக்கும்படியும் சொல்லியனுப்பினார்.

அவளால் அதற்குப் பிறகு வரமுடியவில்லை. குழந்தை, பிறகு இன்னொரு குழந்தை. கொஞ்ச வருஷத்தில் அவள் வீட்டுக்காரருக்கு வேலை மாறி, திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் குப்பனூர் வீட்டில்தான்.

மத்தியான வெயில். மலையிலிருந்து இறங்கியதும் உடம்பெல்லாம் காந்தியது. அவள் வாசலுக்கு வந்து, "வாங்க டீச்சர், ஊட்டுக்குள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் குடித்த கையோடு நடந்ததையும் போதகர் கேட்கச் சொன்னதையும் சொன்னேன். அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சியாளரைப் பற்றியோ போதகரைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் உடனே துணி மாற்றிக்கொண்டார்களா, காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"துடுப்பக் கீழ வெச்சது, அன்னிக்கு அவளப் பாத்துச் சிரிச்ச புள்ளையாங்க?"

"அவளேதான்."

"ஏன் எதுக்குன்னு கேக்கலையாமா?"

"கேக்கலை. சொன்ன உடனே வெச்சுட்டாளாம்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் தூக்கினாள், நான் வாங்கினேன், மறுபடி அவள் தூக்கினாள். மாறி மாறி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தும் அது அழுகையை நிறுத்த வெகுநேரம் ஆனது.